ஒரே தேதி

முகாம், 12 ஆகஸ்ட் 2023

மதிப்புக்குரிய அத்தைக்கு,

ரகத் எழுதுவது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

திஜ்லாவுக்கு ஆறு வயது முடிந்தும் பள்ளியில் சேர்க்க மறுக்கிறார்கள். அவள் பிறந்தபோது மொசூலைப் பிடித்து வைத்திருந்த தீவிரவாதிகள் கொடுத்த பிறப்புச் சீட்டைப் பதிவு அலுவலக எழுத்தர் தொடக்கூட இல்லை. "அப்பன் உயிரோட இருந்தா கூட்டிட்டு வா, செத்திருந்தா சான்றிதழ் கொண்டா. ரெண்டும் இல்லேன்னா இந்தப் புள்ள பொறக்கவே இல்ல" என்றார். "மாமா, நான் இங்கதானே நிக்கிறேன்!" என்றாள் திஜ்லா.

அவள் அப்பா நஷ்வான் இறந்துவிட்டதாகச் சத்தியம் செய்ய அவர் தாய்தான் வர வேண்டுமாம். வருவீர்களா?

ரகத்

மொசூல், 20 ஆகஸ்ட்

அன்புள்ள ரகத்,

உன் கடிதத்தில் மூன்று பிழைகள். 'பிறப்பு' என்பதைக்கூடத் தவறாக எழுதியிருக்கிறாய்.

தண்ணீர் எடுக்கப் போனவன் திரும்பவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கண்ணால் காணாததற்குச் சத்தியம் செய்யாதே என்று நான் படித்த பள்ளியில் கன்னியாஸ்திரிகள் விரல் கணுவில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பிள்ளைக்குப் பேரீச்சம்பழம் வைத்த கிலேச்சா பிஸ்கட் சுட்டு அனுப்பியிருக்கிறேன்.

நஷ்வானின் தாய்

முகாம், 3 செப்டம்பர்

அத்தை,

அவர் இறந்தார் என்று நானும் நம்பவில்லை. முகாம் வாசலில் பஸ் நின்றால் இன்றும் இறங்குகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்க்கிறேன். ஆனால் முகாமை மூடப்போகிறார்கள். பெயர் பதியாத பிள்ளையோடு எந்தச் சோதனைச் சாவடியைத் தாண்டுவேன்? உங்கள் மகன் வரும்போது வரட்டும். என் மகள் பிறந்தாக வேண்டும்.

ரகத்

மொசூல், 28 செப்டம்பர்

ரகத்,

போனேன். குர்ஆன்மேல் கை வைக்கச் சொன்னார்கள். "ஹாஜியம்மா, செத்ததைப் பார்த்தவங்க யாராச்சும் உண்டா?" என்றார் நீதிபதி.

"நான் பார்த்தேன்" என்றேன்.

அது பொய்யல்ல. நீ நிலவறையில் பிரசவ வலியில் கிடந்தாய். அவன் சந்து முனையில் குடத்தின் பக்கத்தில் கிடந்தான். மேலே போட்டிருந்த என் கறுப்பு அபாயாவைக் கழற்றி மூடிவிட்டு வந்தேன். "அபாயா எங்கே அத்தை?" என்று கேட்டாய். தீப்பிடித்துவிட்டது என்றேன்.

உனக்குப் பால் சுரக்க வேண்டுமே என்று அன்று சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. அவன் வருவான் என்று நம்ப உலகத்தில் ஓர் ஆளாவது எனக்கு வேண்டியிருந்தது.

பிறப்பு, இறப்பு இரண்டு சான்றிதழும் இத்துடன் இருக்கின்றன. இரண்டிலும் 17 மார்ச் 2017. எழுத்தர் பிழையென்று நினைத்து ஒன்றை அடித்துத் திருத்தப் போனார். பிழை இல்லை என்று சொன்னேன்.

பஹீஜா

முகாம், 9 அக்டோபர்

சான்றிதழ்கள் வந்தன. திஜ்லா பள்ளிக்குப் போகிறாள்.

ஆறு வருடம் பஸ்ஸைப் பார்த்தேன்.

இதில் பிழை இருந்தால் எழுதித் தெரிவிக்க வேண்டாம். வேறெதுவும் எழுத வேண்டாம்.

திஜ்லாவின் தாய்