கார்டியன் தாயாரம்மாள்

10-6-1946
சிங்காரத்துக்கு அரக்கோணம் ரெயில்வேயில் வேலை நிரந்தரமாகிவிட்டது. பஞ்சாட்சரம் நாலாவது பாஸ். பதினாறாம் வாய்ப்பாடு வரை தடங்கல் இல்லை. கௌரி இண்டர்மீடியட்டில் முதல் வகுப்பு. திருத்தணியில் வேறு எந்தப் பெண் வாங்கினாள்? மூன்றும் என் பேரப்பிள்ளைகள். பக்கத்து வீட்டுக் குப்பம்மாளிடம் மூன்று தரம் சொன்னேன். நாலாவது தரம் அவளே எனக்குச் சொன்னாள்.

கௌரிக்கு டாக்டர் படிப்பில் ஆசை. அவள் அப்பன், என் மகன் சுந்தரமூர்த்தி, "போதும்மா. பொணம் அறுக்கிற பொண்ணை எவன் கட்டுவான்?" என்றுவிட்டான். அவள் மார்க் சீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். அதுதான் எனக்குத் தாளவில்லை. தாயில்லாதவள். எட்டு வயசிலிருந்து நான் வளர்த்தவள்.

11-6-46
நாளை அவளோடு பட்டணம் போகிறேன். அவள் தங்கிப் படித்த விடுதியிலிருந்து பெட்டி படுக்கையைக் கொண்டுவர வேண்டும்.

12-6-46, பட்டணம்
எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமலும் முடியவில்லை.

பெண்கள் வண்டி. எதிரே ரேணிகுண்டாவில் ஏறிய ஓர் அம்மாள், பேச்சு திருநெல்வேலிப் பக்கம். எங்கள் பை ஜன்னல் கம்பியில் மாட்டி, வெளியே சாய்ந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. அரக்கோணத்தில் வண்டி நின்றதும் அந்த அம்மாள் எழுந்து, "தொங்க விடாதீய! தொங்க விடாதீய!" என்று கத்தினாள்.

எங்கள் ஊர்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும்? தெலுங்கில் தொங்க என்றால் திருடன். திருடனை விடாதீங்க என்கிறாள்! வண்டி முழுக்க "தொங்க, தொங்க!" என்று ஒரே கூச்சல். வாசலில் ஓர் ஆண் தலை தெரிந்தது. கூஜாவால் ஒன்று வைத்தேன். அவன் போட்டிருந்த கோட்டையும் பிடித்துக்கொண்டேன். விடவில்லை.

டிக்கெட் பரிசோதகர்.

"ஏம்மா, டிக்கெட்டு இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. அதுக்கு அடிப்பியா?"

கௌரி இரண்டு டிக்கெட்டையும் நீட்டி மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையைத் தடவிக்கினே போனார். (எழுதும்போதும் பேச்சு வருகிறது, போகட்டும்.) அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பெயர் ஞானம்மாள், பட்டணத்தில் பெண்கள் ஆஸ்பத்திரி டாக்டராம்.

"அந்தப் பையில அப்படி என்னதான் வச்சிருக்கிய?"

"மார்க் சீட்டுங்க" என்றாள் கௌரி.

ஞானம்மாள் வாங்கிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "ஏளா, இந்த மார்க்கை வச்சிக்கிட்டு பெட்டி தூக்கவா போற?"

"டாக்டருக்குப் படிக்க நைனாவுக்கு இஷ்டம் இல்லீங்க."

"மனு போட வெள்ளிக்கிழமை கடைசி நாள். அப்பா, இல்லன்னா கார்டியன் கையெழுத்துப் போடணும்."

"கார்டியன்னா இன்னாம்மா?" நான்தான் கேட்டேன்.

"பிள்ளைய வளர்த்து ஆளாக்கினவங்க."

கௌரி என் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

13-6-46
போட்டுவிட்டேன்.

டாக்டர் காலேஜுக்கு ஞானம்மாள்தான் கூட்டிப் போனாள். குமாஸ்தா என்னைப் பார்த்ததும் மைப்பெட்டியை நகர்த்தி, "கட்டைவிரலைக் குடு பாட்டி" என்றான். "கட்டைவிரலா? நான் அஞ்சாங்கிளாஸு! பேனாவைக் குடுப்பா!" தாயாரம்மாள் என்று முழுசாக எழுதினேன். கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. போனால் என்ன? பேர் பெரியது.

செய்தது சரியா? மகனுக்குத் தெரியாமல்...

15-6-46
சொல்லிவிட்டேன். சுந்தரம் சோற்றில் கை வைத்தபடியே, "நான் செத்தா பூட்டேன், நீ கார்டியன் கையெழுத்துப் போட?" என்றான். இந்த வார்த்தையைப் பெற்ற வயிறு கேட்கலாமா? என் மேலும் தப்பு உண்டு, கேட்டிருக்கணும். கேட்டிருந்தா வுட்டிருப்பானா? மாட்டான்.

20-6-46
சுந்தரம் என்னோடு பேசுவதில்லை. மோர் வேண்டுமென்றால் பஞ்சாட்சரத்தைத் தூது விடுகிறான். நானும் பஞ்சாட்சரத்திடமே கொடுத்தனுப்புகிறேன்.

3-7-46
கார்டு வந்தது. மேலே இங்கிலீஷில் என் பெயர்! கௌரி படித்தாள்: ஒன்பதாம் தேதி பெண் நேரில் வர வேண்டும், கார்டியனும் கூட வர வேண்டும்.

சுந்தரம் கார்டைப் பிடுங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். "தபால்காரன் கேக்கறான், ஊட்டுல ஆம்பளை இல்லியான்னு."

"நீதான் வரமாட்டேங்கறியே. நானே போறேன்."

"ஆங், போ, போ. அங்க எவன் மண்டையில கூஜாவைப் போடுவியோ! நீ ஒண்ணும் கிளம்ப வேணாம். நான் போறேன்."

கௌரி சமையலறைக்குள் ஓடிவிட்டாள். பதினெட்டு நாளுக்குப் பிறகு பேசினான், அதுவும் திட்டு. எனக்குச் சர்க்கரையாக இருந்தது.

9-7-46
சுந்தரம்தான் கூட்டிப் போனான். இடம் கிடைத்தது.

18-8-46
கௌரியின் கடிதம். வெள்ளைக் கோட்டு தைத்தாயிற்றாம். முதல் நாள் பிணத்தைப் பார்த்து மயக்கம் வந்ததாம், இப்போது வருவதில்லையாம். சுந்தரம் வாங்கிப் படித்தான்; படித்து முடித்தும் கொடுக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அந்தக் கோட்டைப் போட்டுகினு புதுசா ஒரு போட்டோ புடிச்சி தபால்ல அனுப்பச் சொல்லு. நான் கேட்டேன்னு எழுதாதே" என்றான்.

எழுதிவிட்டேன். புதுப் போட்டோ உடனே அனுப்பு, கேட்டது உன் நைனா என்று.