கர்னல் ஊரில் இல்லாத குளிர்காலம்

1976 மார்ச் 8, திங்கள்

அக்டோபரில் எங்கள் ஆலயத்துக்கு நூறு வயது. வரலாறு எழுத ஆள் வேண்டுமாம். சபைக் கமிட்டியின் ஒன்பது ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, காப்பி ஊற்றிக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினார்கள்.

"எட்னா, நீ லைப்ரரில இருந்தவ. உனக்கு இதெல்லாம் வரும்" என்றார் ராயல் ஸ்டெட்மன். வார்டன், அதாவது சபைக் கமிட்டியின் தலைவர். புனித பர்னபா எபிஸ்கோப்பல் ஆலயத்தைத் தன் வீட்டு வரவேற்பறை போல நடத்துகிறவர். "புதுசா ஒண்ணும் தேட வேணாம். 1926-ல எங்கப்பா எழுதின புத்தகம் இருக்கு. அதை அப்படியே எடுத்து, பின்னால ஒரு அம்பது வருஷத்தை ஒட்டிடு."

ஒட்டிவிடுகிறேன். முப்பத்தெட்டு வருடமாகப் பலிபீடத் துணியைத் துவைத்து இஸ்திரி போடுகிறவளுக்கு ஒட்டுவேலை எம்மாத்திரம்.

மார்ச் 15

1926 புத்தகம் நாற்பது பக்கம். அதில் முப்பத்தோரு பக்கம் கர்னல் அமாசா ஸ்டெட்மன், அதாவது ராயலின் தாத்தா. நிலம் தந்தது கர்னல், மணி தந்தது கர்னல். மழை தந்ததும் அவர்தான் என்று எழுத அச்சகத்தில் இடம் போதவில்லை போலும்.

1881 குளிர்காலத்தில் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் வந்து குருவானவரே இறந்துபோக, கர்னல் லாந்தரும் கையுமாக வீடு வீடாகப் போய் ஜெபித்து, இருபத்துமூன்று பேரை அடக்கம் செய்தாராம். தெற்குப் பக்க வண்ணக் கண்ணாடி ஜன்னலிலும் அதே காட்சிதான். தாடிக்கு மட்டும் நான்கு கண்ணாடித் துண்டு. துணைக்குப் போனவர் "திரு. எச். பிளம் என்னும் எளிய உதவியாளர்". அவருக்கு ஜன்னலில் இடமில்லை.

ஆரினுக்குப் படித்துக் காட்டினேன். "இந்தாளு எப்பதான் சாப்பிட்டாராம்?" என்றான் என் கணவன்.

மார்ச் 26

பாடகர் அங்கிகள் தொங்கும் அலமாரிக்குப் பின்னால் ஒரு தகரப்பெட்டி. உள்ளே எலி தின்றது போக மிச்சமிருந்த அடக்கப் பதிவேடு. முதல் பதிவை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"டிசம்பர் 4, 1881. குருவானவர் இன்று காலை இறந்தார். அடக்க ஆராதனை வாசிக்க வேறு ஆளில்லை. நானே வாசித்தேன். ஹெஸ்டர் பிளம், தொப்பிக் கடை."

திரு. எச். பிளம் ஒரு பெண்!

சிரித்துவிட்டேன். பிறகு பக்கத்தைப் புரட்டினேன். எல்லாம் அதே கையெழுத்து. ஆறு வயது. நான்கு வயது. அக்கா தங்கை இருவர், ஒரே பெட்டியில். பெயர் வைக்காத ஒரு குழந்தைக்கு அவளே பெயர் வைத்திருக்கிறாள். பதினேழாவது பதிவில் கையெழுத்து கோணியிருக்கிறது. குளிரா, அழுகையா — தெரியவில்லை.

அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

மார்ச் 29

அப்படியென்றால் கர்னல் எங்கே? அதே பெட்டியில் அவரே பதில் எழுதி வைத்திருக்கிறார். சரடோகா என்னும் உல்லாச நகரத்து ஹோட்டல் தாளில், கமிட்டிக்கு ஒரு கடிதம்:

"குடும்பத்தின் நலன் கருதி ஏப்ரல்வரை இங்கேயே தங்குகிறோம். ஒரு தொப்பிக்காரி அடக்க ஆராதனை வாசிப்பது திருச்சபை முறைக்கு முற்றிலும் விரோதமானது. என் கண்டனத்தைப் பதிவு செய்க. ஆனால் நான் திரும்பும்வரை அவளை நிறுத்த வேண்டாம். இங்கே சாப்பிடச் சிப்பி மிக நன்றாக இருக்கிறது."

மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் சிப்பி இன்னும் நன்றாக இருந்தது.

அவர் திரும்பிவந்ததும் கமிட்டி கூடி, கர்னலின் "வழிகாட்டுதலுக்கு" நன்றி தெரிவித்திருக்கிறது. ஹெஸ்டரிடமிருந்து ஜெபப்புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதாகவும் ஒரு வரி.

ஏப்ரல் 6

ராயலிடம் எல்லாவற்றையும் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. ஆரினுக்கு. அந்த எலிக்கு."

"விளையாடாத, எட்னா. எங்க தாத்தாவை ஊர் சிரிக்கணும்னு பார்க்கறியா?"

"நான் ஒரு வார்த்தை சேர்க்கல, ராயல். சிப்பிகூட அவர் எழுதினதுதான்."

பக்கத்தில் அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் எலுமிச்சைக் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள்.  எனக்கு மட்டும் பெரிய துண்டாக வைத்தாள். தற்செயலாக இருக்கலாம்.

மே 11

கமிட்டிக் கூட்டம். ஹெஸ்டரைப் பற்றி நான் எழுதிய அத்தியாயத்துக்குக் கல்யாணச் சாப்பாடு போட்டு வழியனுப்பி வைத்தார்கள். "ரொம்ப அருமையான ஆராய்ச்சி" என்று ஆளுக்கு ஒரு முறை. பிறகு எட்டு வாக்குக்கு ஒன்று என்று நீக்கினார்கள். அந்த ஒன்று கடைசிவரை தூங்கிக்கொண்டிருந்த கிழவர் ஃபிட்ச். எதற்குக் கை தூக்கினோம் என்று வெளியே வந்ததும் என்னிடமே கேட்டார்.

எங்கள் குருவானவர் ஃபாதர் க்விக் இருக்கிறாரே — "ரெண்டு பக்கத்துலயும் உண்மை இருக்கு, எட்னா. திருச்சபைன்னா எல்லாரையும் அணைச்சுப் போகணும் இல்லீங்களா?" செத்தவர்களை அணைக்கச் சொன்னால் மட்டும் அவருக்குக் கை நீளாது.

அத்தியாயம் போன இடத்தில் இனி ஒரே வரி: "நோய்க்காலத்தில் மகளிரும் தத்தம் வழியில் உதவினர்." ராயலின் கைவண்ணம்.

என் பெயரை அட்டையிலிருந்து எடுக்கச் சொன்னேன். உடனே எடுத்துவிட்டார்கள். கொஞ்சமாவது கெஞ்சுவார்கள் என்று நினைத்தேன். கெஞ்சவில்லை.

மே 12

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? ஹெஸ்டருக்காகவா? அல்லது போன வருஷம், ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் நான் வாசிக்கட்டுமா என்று கேட்டபோது, "உன் குரல் சன்னமா இருக்கே" என்று ராயல் சொன்னதற்காகவா?

இரண்டும்தான். சரி, இரண்டாவதுதான் அதிகம்.

செப்டம்பர் 17

மினியாபொலிஸில் எங்கள் திருச்சபையின் தேசியச் சபை முடிவெடுத்துவிட்டது. பெண்களும் குருவாகலாம். காலை வானொலியில் கேட்டேன். மதியம் தபாலாபீஸ் வாசலில் ராயல் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டாயிரம் வருஷத்துல ஒரு பொம்பளை பீடத்துக்கிட்ட நின்னதுண்டா? இந்த ஊர்ல நடந்ததுண்டா?"

கடைசிக் கேள்வி என்னைப் பார்த்து இல்லை. இருந்தாலும் முகம் சிவந்தது எனக்குத்தான். வாயே திறக்காமல் தபால்தலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா?

அக்டோபர் 10, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன். 

நூற்றாண்டு விருந்து. ஹாம், உருளைக்கிழங்கு, நான்கு நிறத்தில் ஜெல்லி. பேராயர் வந்திருந்தார். புத்தகத்தை அறிமுகப்படுத்த எனக்கு ஐந்து நிமிடம் — பெயரை எடுத்தவளுக்கே அந்த வேலையையும் கொடுத்தார்கள், வேறு யாரும் அதைப் படிக்காததால்.

எழுந்தேன். "கர்னலோட வார்த்தையாலேயே கர்னலுக்கு மரியாதை செய்யறேன்" என்றேன். ராயல் தலையசைத்துப் புன்னகைத்தார். பாவம். கடிதத்தை முழுக்க வாசித்தேன். "நிறுத்த வேண்டாம்" வந்தபோது பின்மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிப்பி வந்தபோது பேராயருக்குப் புரையேறியது.

பிறகு பதிவேட்டை எடுத்தேன். இருபத்துமூன்று பெயரும் வயதும். பத்தாவது பெயருக்குள் கூடம் அடங்கிவிட்டது. இந்த ஊரில் இன்னும் இருக்கிற குடும்பப் பெயர்கள்தானே. கிழவர் ஃபிட்ச், "அது எங்கப்பாவோட தங்கச்சி" என்று சத்தமாகச் சொன்னார். கடைசியில், "எல்லாரையும் அடக்கம் செய்தது ஹெஸ்டர் பிளம். தொப்பிக் கடை" என்று உட்கார்ந்தேன்.

ராயல் எழுந்தார். "நாப்பது வருஷமா என் மேசையில சாப்பிட்டவ நீ." குரல் உடைந்திருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கான்ஸ்டன்ஸும் பின்னால் போனாள். என்னைப் பார்க்கவில்லை.

பேராயர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்த அம்மாவை எங்க அடக்கம் பண்ணியிருக்கீங்க?"

ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

அக்டோபர் 14

தெரிந்துவிட்டது. மெதடிஸ்டுகளின் கல்லறையில்! ஜெபப்புத்தகத்தைப் பிடுங்கிய மறு மாதமே ஹெஸ்டர் அவர்கள் சபையில் சேர்ந்துவிட்டாள். முப்பது வருடம் ஞாயிறு வகுப்பு நடத்தியிருக்கிறாள். மெதடிஸ்டுப் பாதிரியார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க நஷ்டம், எங்க லாபம். கல்லைத் திருப்பிக் கேட்காதீங்க."

அக்டோபர் 24

ராயலோடு பதினான்கு குடும்பம் போய்விட்டது. தீயணைப்பு நிலையத்து மாடியில் தனியாக ஆராதனை நடத்துகிறார்கள். தனிச்சபைக்குப் பெயர்: "பழைய விசுவாசம்". இன்று எங்கள் ஆலயத்தில் பத்தொன்பது பேர்.

ஆரின் சொன்னான்: "நீ உண்மையைத்தான் சொன்ன. ஆனா அன்னிக்கு அதைச் சொல்லும்போது உன் மூஞ்சில ஒரு குஷி இருந்துச்சு பாரு."

இருந்தது. மறுக்க மாட்டேன். ராயலின் குரல் உடைந்த அந்த நொடிவரை இருந்தது.

நவம்பர் 30

ராயலுக்குக் கடிதம் எழுதினேன். சொன்னதற்கு மன்னிப்பு இல்லை, சொன்ன விதத்துக்கு உண்டு என்று. பிரிக்காமலே திரும்பி வந்தது.

1977 ஜனவரி 19

கமிட்டியில் ஆறு நாற்காலி காலி. என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். முதல் கூட்டத்தில் ஃபாதர் க்விக் தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்துவிட்டு, "அப்ப காப்பி யார் போடறது?" என்றார். உண்மையாகவே கவலைப்பட்டார்.

பிப்ரவரி 3

ஃபாதர் க்விக்குக்கு முதுகெலும்பில் கோளாறு, ஆறு வாரம் படுக்கை. அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். இந்தப் பனியில் வேறு குருவானவர் கிடைக்கமாட்டார். பேராயரிடமிருந்து கடிதம்: அதுவரை ஞாயிறு காலை ஜெபத்தை நான் நடத்த வேண்டுமாம். இரண்டே வரி. முறை விரோதம் என்றெல்லாம் ஒன்றும் இல்லை.



பிப்ரவரி 6, ஞாயிறு

முழங்கால்வரை பனி. பன்னிரண்டு பேர். முதல் சங்கீதத்திலேயே ஒரு வரியை விட்டுவிட்டேன். யாரும் கண்டுகொள்ளவில்லை, அல்லது கண்டுகொண்டும் காட்டிக்கொள்ளவில்லை.

பாதியில் கதவு திறந்தது. கான்ஸ்டன்ஸ் ஸ்டெட்மன். தனியாக. பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். எனக்கு எந்தப் பக்கம் என்பதே மறந்துவிட்டது. தேடி எடுத்துத் தொடர்ந்தேன்.

முடிந்ததும் எல்லாரும் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். அவள் கடைசியாக வந்தாள். கையுறையைக் கழற்றவில்லை. ராயல் எப்படி இருக்கிறார் என்று கேட்க வாயெடுத்தேன், அவள் விடவில்லை.

"பின்னாடி ஒண்ணுமே கேக்கல, எட்னா" என்றாள். "அடுத்த வாரம் கொஞ்சம் சத்தமா வாசி."