நான்கு பைகள்

அன்புள்ள அக்கா,

"ஏட்டி, குத்தாலத்துல குளிச்சியா?" என்று போனில் கேட்டாய். பக்கத்தில் அத்தான் குரலும் கேட்டது. ஆமாம் என்றுவிட்டேன். குளிக்கவில்லை.

தென்காசிக்கு வேலைக்கு வந்து ஐந்து மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை சாரல் நன்றாக இருந்ததால் மெயின் அருவிக்குப் போனேன். மாற்றுத்துணி, துண்டு, சோப்பு எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். பையையும் போனையும் யாரிடம் கொடுத்துவிட்டுக் குளிப்பது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. நீ இருந்தால் மாற்றி மாற்றி நின்றிருப்போம்.

ஓரமாக நின்றேன். புளியங்குடியிலிருந்து வந்த ஒரு அம்மா, "இத கொஞ்சம் பாத்துக்கிடுதியாம்மா?" என்று நான்கு பைகளை என் காலடியில் வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு போனார். முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

திரும்பி வந்தவர், "நீ குளிக்கலையா? கூட வந்தவங்க எங்க?" என்றார்.

"அங்கன குளிச்சிட்டு இருக்காங்க" என்று கூட்டத்தைக் காட்டினேன்.

அவர்கள் உடனே கிளம்புவார்கள் என்று நினைத்தேன். அங்கேயே உட்கார்ந்து தலை துவட்டினார்கள், புளியோதரை சாப்பிட்டார்கள். அவர்கள் போகும்வரை நானும் அருவியையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவை கைகூட ஆட்டினேன்.

உன் தங்கை