சேந்தனுக்குக் கல் மறுத்ததும் பின் வழங்கியதும்

மழை தவறாத மேற்றிசைக்கு அரசியும், ஆறு போகும் வழியெல்லாம் அறம் காக்கும் கோமகளும், இலவந்தி நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் பெருமாட்டியுமான வெண்முத்தியார் திருமுன்பு, கணவாய்க்குக் கிழக்கே கருவிளை நாட்டு மன்னரின் ஆணையால் உப்புப் பொதி சுமக்கும் கூட்டமாகிய சாத்தை நடத்தும் சுமைநாயகி கொற்றி பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் களஞ்சியங்கள் நிறைக. கன்று காலிகள் பெருகுக. தங்கள் குடிகள் நடக்கும் வழியில் முள் முளையாதிருக்க. எழுதுகிறவன் கோடன், அதே சாத்தில் பொதி சுமந்து, தலை நரைத்தபின் எழுத்துக் கூட்டக் கற்றவன். சொல்லில் கோணல் இருந்தால் அது அவன் கையினுடையது, செய்தி கொற்றியினுடையது.

தாங்கள் விடுத்த திருவோலை வந்து சேர்ந்தது. மூன்று பேராய்க் கிளம்பிய ஒரு சுமையாளர் கூட்டம் நூறு பேராய் வளர்ந்த வகை எப்படி, அவ்வகையில் இலவந்தியிலும் ஒரு சாத்து எழுப்ப ஆள் சேர்க்கும் முறை எது என்று கேட்டருளினீர்கள். கொற்றி அதை இரு முறை வாசிக்கக் கேட்டாள். என்ன எழுதட்டும் என்று கோடன் கேட்டதற்கு, "வளந்த கதைய எழுது. கெட்ட கதையையும் சேத்து எழுது. ஒன்ன விட்டுட்டு ஒன்ன எழுதினா, அந்தம்மா நாட்டுலயும் இதேதான் நடக்கும்" என்றாள். ஆகவே இரண்டும் எழுதப்படுகின்றன.

கணவன் இறந்த ஆண்டில் கொற்றி கணவாயில் உப்புச் சுமக்கத் தொடங்கினாள். உடன் வந்தவர்கள் அவள் கொழுந்தன் சேந்தனும் இந்தக் கோடனும். மலையேற்றத்தின் முதல் வளைவில் தோளுயரத்துக்கு ஒரு சுமைதாங்கிக் கல் நிற்பதைத் தங்கள் தூதர் கண்டிருப்பர். அதில் பொதியை இறக்கி மூச்சு வாங்கியபின், அவரவர் பொதியை அவரவர் எடுப்பதில்லை என்று சேந்தன் ஒரு வழக்கம் வைத்தான். ஒருவர் சுமையை மற்றவர் தூக்க வேண்டும். கனம் கூடியிருந்தால் அங்கேயே பிரித்துக் கட்ட வேண்டும். குறை சொல்ல வாய் வேண்டாம், தலையே சொல்லிவிடும் என்பது அவன் பேச்சு. கோடன் ஒரு நாள் சோம்பல்பட்டுத் தன் பொதியில் பாதிக்கு வைக்கோலைத் திணித்து வந்தபோது, அதைத் தூக்கிய கொற்றி பின்னுக்குச் சாய்ந்து விழப்பார்த்தாள். அன்று முழுவதும் மலையே சிரித்தது. மறுபடி அவன் வைக்கோலைத் தொடவில்லை.

புதிதாய் ஆள் சேர்க்கும்போதும் இதுவே சோதனை. தோளின் அகலத்தை அவர்கள் பார்க்கவில்லை. கல்லருகே வந்து நின்றதும், சொல்லாமலே அடுத்தவன் பொதிக்குக் கை நீட்டுகிறவனைச் சேர்த்துக்கொண்டார்கள். இருபது பேர் ஆகும்வரை சாத்துக்கு மேலாள் கிடையாது, தண்டனை கிடையாது. ஒருவரும் ஓடிப்போகவும் இல்லை.

அதன்பின் கருவிளை மன்னர் மனமகிழ்ந்து, கணவாயின் உப்பு முழுவதையும் இச்சாத்தே சுமக்க அருளாணை தந்தார். கொற்றிக்குச் சுமைநாயகி என்ற பட்டமும் தந்தார். ஒரே கோடையில் கூட்டம் பெருத்தது. அத்தனை பேரும் கல்லில் நின்று சுமை மாற்றினால் வெயில் ஏறிவிடுகிறது என்று வணிகர் முணுமுணுத்தனர். கொற்றி மேலாட்களை வைத்தாள். முந்தி நடப்பவனுக்குச் சிவப்புத் தலைத்துணி கொடுத்தாள். சுமை மாற்றும் வழக்கத்தை, மழைக்காலம் கழிந்தபின் பார்த்துக்கொள்வோம் என்று நிறுத்தினாள். சேந்தன் வேண்டாம் என்றான். மூன்று பேருக்குப் பொருந்தியது நூறு பேருக்குப் பொருந்தாது என்று அவள் சொல்லிவிட்டாள். மழைக்காலம் கழிந்தது. வழக்கம் திரும்பவில்லை. அவளும் அதற்குள் சுமப்பதை விட்டு, கணவாயின் உச்சியில் நின்று வருவோரை எண்ணுகிறவள் ஆகியிருந்தாள்.

மேலாட்கள் கெட்டவர்கள் அல்லர், பெருமாட்டி. தம் தம்பிக்கும் தம் மைத்துனனுக்கும் சற்று இலேசாய்க் கட்டினார்கள், அவ்வளவே. குறைந்த உப்பு எங்கேனும் போய்ச் சேர வேண்டுமே. அது புதியவர்கள் தலையில் போய்ச் சேர்ந்தது. அப்படிப் புதிதாய் வந்தவர்களில் அந்துவன் என்பவன், ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவன், சாத்தில் எல்லாச் சுமையும் இப்படித்தான் கனக்கும் போலும் என்று நம்பி வாய் திறவாமல் சுமந்தான். மறு ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள் இரண்டாம் வளைவில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான்.

சேந்தன் தன் பொதியைப் பாதையின் நடுவே இறக்கி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். அந்தக் குறுகலான வழியில் ஒருவர் நின்றால் ஊரே நிற்க வேண்டும். சாத்து முழுவதும் நின்றது. அவ்வேளையில் மழை பிடித்துக்கொண்டது. உப்பு கரைந்து பாதையோரம் வெள்ளையாய் ஓடியது.

உச்சியிலிருந்து இறங்கி வந்த கொற்றி, எத்தனை பொதி கரைந்தது என்றே முதலில் கேட்டாள். விழுந்தவன் பெயரைக் கேட்கவில்லை. அவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவதை அவள் கண்கள் கண்டன, ஆயினும் கேட்கவில்லை. சேந்தன் எழுந்து நின்று, "அண்ணி, அந்தப் பய சுமந்தத ஒரு தடவ தூக்கிப் பாரு. அப்புறம் என்னப் போகச் சொல்லு, போறேன்" என்றான்.

அவள் தூக்கவில்லை. அத்தனை பேர் எதிரில் அவனுக்குக் கல் மறுத்தாள். கல் மறுக்கப்பட்டவன் கணவாயின் இருபுறத்திலும் எந்தச் சுமைதாங்கியிலும் பொதி இறக்கலாகாது என்பது இம்மலையின் நெடுங்கால நெறி. இறக்க இடமில்லாதவன் சுமக்கவும் முடியாது. அவன் மேற்கே இறங்கித் தங்கள் நாட்டுக்குப் போனான்.

சாத்தெல்லாம் கலைந்தபின், நனைந்து கிடந்த அந்துவனின் பொதியைக் கொற்றி தனியே தூக்கிப் பார்த்தாள். நனைந்து கரைவது உப்புக்குக் குறைவே தவிரக் கூடுதல் அன்று. அப்படியிருந்தும் அது அவள் முழங்காலுக்கு மேல் எழவில்லை.

அந்துவனைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். இலேசாய்க் கட்டிய மேலாட்களை விலக்கி வேறு ஆட்களை வைத்தாள். சுமை மாற்றும் வழக்கம் இன்றுமுதல் மீண்டது என்று பறையறைந்தும் சொன்னாள். சொன்னபடியே மாற்றினார்கள். புதியவன் புதியவனோடு மாற்றினான், பழையவன் பழையவனோடு மாற்றினான். மேலாளின் பொதியை ஒருவரும் தொடவில்லை. இதைக் கண்ட கொற்றி, இந்த வயதில் தானே ஒரு பொதியைத் தலையில் ஏற்றி வந்து, கல்லில் இறக்கி, காத்து நின்றாள். எல்லோரும் கைகட்டி வணங்கி நின்றார்கள். நாயகியின் சுமையை நாங்கள் எடுப்பதா என்று ஒரு முதியவன் நாணத்தோடு சொன்னானாம். நல்ல மனத்தோடுதான் சொன்னான். தன் பொதியைத் தானே எடுத்துக்கொண்டு அவள் மலையேறினாள். மறுநாளும் அப்படியே. இதை எழுதும் நாள்வரை அப்படியே.

கோடன் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அவன் முழங்கால்கள் போய்விட்டன. அதனால்தான் எழுத்தாணி பிடிக்கிறான்.

ஆகவே பெருமாட்டிக்கு விடை இதுவே. ஆள் சேர்ப்பது எளிது, பசி சேர்த்துவிடும். சேர்ந்தவர்கள் நடுவே பயமில்லாமல் கை நீளும் வழக்கம் ஒன்று இருந்தால், அவசரத்தில் அதை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். நிறுத்துவதற்கு ஒரு சொல் போதும். திருப்பிக் கொணர்வதற்குப் பட்டமும் பறையும் போதவில்லை.

இனி ஆணை. கொழுந்தன் சேந்தன்மேல் இட்ட கல்மறுப்பு இவ்வோலை கண்ட நாழிகையிலேயே நீங்கியது. இருபுறத்துக் கற்களும் அவனுக்கு உரியன. தங்கள் சாத்துக்கு அவனைத் தலைவனாக்கத் திருவுளம் இருந்தால், அவனைவிடத் தக்கவன் இம்மலையில் இல்லை என்பதற்குக் கொற்றியே சாட்சி. திரும்பி வா என்று அவனைக் கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று அவள் சொல்கிறாள். கேட்கவில்லை என்றும் எழுதச் சொல்கிறாள். மாசி முழுநிலவுக்கு மறுநாள் சாத்து புறப்படும் என்பதை மட்டும் அவன் காதில் விழும்படி வாசிப்பித்தருள்க. அன்று காலை முதல் வளைவில் அவள் பொதி கல்மேல் இருக்கும். கேளாமல் அதை இழுத்து இறக்கி, என்ன அண்ணி இவ்வளவு கனம் என்று ஏசக் கூடியவன் உலகத்தில் ஒருவனே.

வராவிடினும் குற்றமில்லை. வழி திறந்தது திறந்ததே.

கருவிளை மலைமுத்திரை இட்டு, கொற்றி பெருவிரல் பதித்து, கோடன் எழுத்திட்டது. வாசித்தவர் வாய் குளிர்க. கேட்டவர் நெடிது வாழ்க.