உரலில் பறந்த கிழவி

இன்று காலை பல்கனிக் கதவைத் திறந்ததும் பெயின்ற் மணம் முகத்தில் அடித்தது. கீழே, கடைகள் இருக்கும் பிளாசாவின் பக்கச் சுவருக்கு இரண்டு பேர் ஏணி வைத்து மறுபடியும் சாம்பல் நிறம் பூசுகிறார்கள். நாலு பனிக்காலத்தில் பழைய பூச்சு உரிந்து, நீ கீறிய படத்திலிருந்த கோழிக்கால் வீட்டின் ஒரு கால் வெளியே தெரியத் தொடங்கியிருந்தது. அவர்களுக்கு அதுவும் பொறுக்கவில்லை. பேத்தியின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு எழுத இருந்துவிட்டேன்.

'நீங்கள்' என்று தொடங்கத்தான் நினைத்தேன். இங்கிலீசில் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் 'யூ' தான். மரியாதைக்கும் அதுதான், சண்டைக்கும் அதுதான். தமிழில் எழுத வந்ததும் கோபம் முந்திக்கொண்டது. நீ என்றே எழுதுகிறேன். செத்தவர்களோடு கோபிக்கக் கூடாது என்பாள் மகள். நான் கோபிப்பேன்.

நான் இந்த வெக்ஸ்போர்ட் பகுதிக்குக் குடிவந்த முதல் கோடையில், பஸ் தரிப்புக்கு எதிரே அந்தச் சுவரில் தலையில் பூத்துணி கட்டிக்கொண்டு, பலகைச் சாரத்தில் ஏறிப் படம் கீறிக்கொண்டு நின்றாய். உக்ரேன்காரி, எங்கள் கட்டடத்து ஆறாம் மாடி என்று பிறகுதான் தெரியும். உங்கள் ஊர்க் கதையில் காட்டுக்குள் ஒரு கிழவி இருக்கிறாளாம். அவள் வீட்டுக்குக் கோழிக்கால். அவள் உரலுக்குள் நின்று, உலக்கையால் உந்திப் பறப்பாளாம். உரலைக் கண்டதும் என்னால் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. "உரலுக்குள்ள ஆரும் ஏறி நிப்பினமே? எங்கட ஊரில அதில குந்தினாலே முதுகில விழும்" என்று தமிழிலேயே சத்தம் போட்டேன். ஒன்றும் விளங்காமல் நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

சுவரில் அந்தக் கிழவி உலக்கையை, வீடு கூட்டுகிற தும்புத்தடி பிடிப்பதுபோலப் பிடித்திருந்தாள். உன் பெயின்ற் உருளைத் தடியைப் பறித்து, நடுவில் பிடித்து, நிலத்தில் நாலு தரம் குத்திக் காட்டினேன். நீ அந்தக் கைகளை அழித்துவிட்டு என் கைகளைப் பார்த்துப் பார்த்துக் கீறினாய். மூன்று மாடி உயரச் சுவரில், மூக்கு உன்னுடையது, கைகள் என்னுடையவை. பஸ்ஸுக்கு நிற்கிற எல்லாருக்கும் சொன்னேன். பெருமைதான், இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்?

எங்கள் சனம் முணுமுணுத்தது. வேலைக்குப் போகிற நேரம் சூனியக்காரியின் முகத்திலா முழிப்பது என்று ஒருத்தி கேட்டாள். "அப்ப வீட்டுக் கண்ணாடியையும் மூடி வையன் பிள்ளை" என்றேன்.

பாதிச் சுவர் மிச்சம் இருந்தது. அதற்குப் பிளாசாக்காரர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை என்று கையை விரித்தாய். அந்தக் கிழமைதான் எங்கள் கட்டடக் கமிட்டியில் இருந்த மூன்றாம் மாடித் தம்பி ஒரு கடிதத்தோடு வந்தார்.

"அன்ரி, சுவருக்குப் பெயின்ற் பண்ணச் சொல்லிக் கேக்கப் போறம். ஒரு கையெழுத்துப் போடுங்கோ."

நீ தினமும் லிஃப்டில் சொல்கிற சொல் அதுதானே! 'மீ கோ பெயின்ற்.' மிச்சத்தையும் கீற விடச் சொல்லித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசிப்பதுபோல வரி வரியாகக் கண்ணை ஓட்டினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாது என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. கையெழுத்துப் போடுகிற இடத்தின் முதல் வரியில் தமிழில் முழுப் பெயரையும் எழுதினேன். வடிவான கையெழுத்து என்று புகழ்ந்துவிட்டுப் போனார். அந்தத் தம்பி ஒரு சொல்லும் பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

அடுத்த கிழமை நீ என் கதவைத் தட்டினாய். பிளாசாக்காரர் தந்த கடிதப் பிரதி கையில். தமிழ் எழுத்தில் விரலை வைத்து, "யூ?" என்றாய்.

நான் நெஞ்சை நிமிர்த்தி, "யெஸ். மீ" என்றேன்.

தாளை நாலாக மடித்தாய். லிஃப்டுக்கு நிற்காமல் படியால் போனாய். சந்தோசத்தில் அழப் போகிறாய் என்று நினைத்து உனக்கும் சேர்த்துத் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைத்தேன், பாவி.

இரண்டு நாளில் சுவர் சாம்பலாகிவிட்டது. கடிதத்தின் பிரதி ஒன்று நோட்டீஸ் பலகையில் தொங்கியது. பேத்தி வாசித்தாள்: "அம்மம்மா, இது அந்தப் படத்தை அழிக்கச் சொல்லி எழுதினது."

மூன்றாம் மாடிக்கு ஏறிப்போய் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தம்பி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நீங்கள் வாசிச்சுத்தானே அன்ரி போட்டனீங்கள்."

மூன்று நாள் உன் கதவைத் தட்டினேன். உள்ளே ரீவி சத்தம் கேட்டது. நாலாம் நாள் நீ வின்னிபெக்கில் இருக்கும் மகனிடம் போய்விட்டாய். பனி கரையமுன் நீ செத்துப்போனாய் என்று படி கூட்டுகிற மனிசி சொன்னா.

ஒரு கோடை முழுக்க என் கையைப் பார்த்துக் கீறியவள் நீ. அந்தக் கையை நம்பாமல் ஒரு தாளை நம்பினாய். என்னைத் திட்டியிருக்கலாம், கதவில் உதைத்திருக்கலாம். இங்கிலீசில் 'வை?', ஏன் என்று கேட்டிருக்கலாம். அந்தச் சொல் எங்கள் இருவருக்கும் தெரியும். என்னில் எனக்கிருக்கும் கோபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னில் இருக்கும் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

இப்போது கிழமையில் மூன்று நாள் இங்கிலீஸ் வகுப்புக்குப் போகிறேன். போன கிழமை, 'பெயின்ற்' என்ற சொல்லை வைத்து இரண்டு வசனம் எழுதச் சொன்னா ரீச்சர். என் சிநேகிதி சுவரைப் பெயின்ற் பண்ணினாள் என்று ஒன்று எழுதினேன். அவர்கள் சுவரைப் பெயின்ற் பண்ணினார்கள் என்று மற்றது. இரண்டும் ஒரே வசனம்தானே, ஒன்றை அழித்துவிட்டு வேறு எழுதுங்கள் என்றா.

நான் அழிக்கவில்லை.