சித்தமானால் வருகிறேன்

பிப்ரவரி 3, திங்கள்

சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. அண்ணன் சரி செய்து தருகிறேன் என்று சொல்லி மாதக்கணக்காகிறது. "கர்த்தருக்குச் சித்தமானா சனிக்கிழமை வந்து வாஷர் மாத்திடறேன், பாப்பா" என்றான். எத்தனையோ சனிக்கிழமை போய்விட்டது. எங்கள் வீட்டு வாஷர் மேல் கர்த்தருக்கு என்ன விரோதமோ.

நாற்பத்தேழு வயதிலும் அவனுக்கு நான் பாப்பாதான்.

கண்ணாடிக் கடையில் இன்று ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார். நான் பொருத்திய கண்ணாடி கோணலாக இருக்கிறதாம். கண்ணாடி நேராகத்தான் இருக்கிறது, அவர் காதுகள்தான் ஒரே உயரத்தில் இல்லை. அதை முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? ஒரு பக்கத்துக் கம்பியை லேசாக வளைத்துக் கொடுத்தேன். சந்தோஷமாகப் போய்விட்டார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

டயாலிசிஸ் நாள். செவ்வாய், வியாழன், சனி என்றால் காலையில் நான்கு மணி நேரம் அந்த இயந்திரத்துக்குச் சொந்தம். டாக்டரம்மா படுக்கைக்கே வந்தார். சிறுநீரகம் கொடுக்க என் வீட்டுக்காரருடைய ரத்தப் பிரிவு எனக்குச் சேராது என்று முன்பே தெரியும். அண்ணன் கொடுத்த ரத்தம் நன்றாகப் பொருந்தியிருக்கிறதாம். இனி முழுப் பரிசோதனை செய்து, ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

"உங்க அண்ணனை வரச் சொல்லுங்க. ஆனா கட்டாயப்படுத்தாதீங்க. அவரா மனசோட வரணும்."

வீட்டுக்கு வந்ததும் போன் செய்தேன். அண்ணன் சொன்னான்: "கர்த்தருக்குச் சித்தமானா குடுத்துடலாம், பாப்பா. ஜெபம் பண்ணிட்டுத்தான் இருக்கேன்."

எனக்குக் குழாய் ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

அண்ணன் சபையில் மூப்பர். இன்று ஆராதனையைத் தொடங்கி வைக்கும் முறை அவனுடையது. கடவுளின் ஆளுகையைப் பற்றி அழகாகத்தான் பேசினான். நம் கையில் ஒன்றுமில்லை, ஒரு மூச்சுகூட அவர் உத்தரவில்லாமல் உள்ளே போவதில்லை என்றான். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். அதோடு விட்டிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தான்: "எங்கள் தங்கைக்கு ஒரு சிறுநீரகத்தை நீரே ஆயத்தப்படுத்தும் ஆண்டவரே."

இடுப்பில் ரெண்டை வெச்சுக்கிட்டு பரலோகத்துல போய் மூணாவது ஒண்ணு கேக்கறான்!

நான் ஆமென் சொல்லவில்லை. இவர் முழங்கையால் இடித்தார். அப்போதும் சொல்லவில்லை. அடுத்து எல்லாரும் எழுந்து கர்த்தருடைய சிங்காசனத்தைப் பற்றிப் பாடினார்கள். நானும் எழுந்து நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

அவர் ஆளுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று சொன்ன அன்றைக்குக்கூட அந்தச் சந்தேகம் வரவில்லை. ராஜா என்றால் ராஜாதான். அந்தச் சிங்காசனத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறவர்களைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

பிப்ரவரி 12, புதன்

யோசித்துப் பார்த்தேன். அண்ணன் அந்த 'சித்தமானா'வை எங்கே சொல்கிறான், எங்கே சொல்வதில்லை?

கால்பந்து பார்க்கக் கிளம்பும்போது சொல்வதில்லை. இரண்டாவது தடவை தட்டை நீட்டும்போது சொல்வதில்லை. புது போன் வாங்கியபோது சித்தம் கேட்டதாகத் தெரியவில்லை. குழாய், பரணைச் சுத்தம் செய்வது, மாமனாரைப் பார்க்கப் போவது, தங்கைக்குச் சிறுநீரகம் — இங்கெல்லாம் கர்த்தர் வந்துவிடுகிறார்.

இவரிடம் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உன் அண்ணன் பாவம்டி" என்றார். பாவமாம்! அப்ப நான் யாரு?

பிப்ரவரி 13, வியாழன்

இயந்திரத்திலிருந்து எழுந்ததும் தலை சுற்றல். நர்ஸ் திரும்பப் படுக்க வைத்தார். கடைக்கு மாலையில் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன், போகவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து போதகர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசு. இந்தச் சபைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிஸ்கட்டை டீயில் நனைத்து, அது உள்ளே விழுந்து, ஸ்பூனால் துழாவிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

"கர்த்தருடைய சித்தம்னு ஒருத்தர் சொல்றது உண்மையிலேயே அவருடைய சித்தமா, இல்ல சொல்றவருடைய பயமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, பாஸ்டர்?"

அவர் ஸ்பூனை வைத்துவிட்டு யோசித்தார். "எனக்கே பல நேரம் தெரியறதில்லக்கா" என்றார். "வெளியூர்ல ஒரு சபைக்குக் கூப்பிட்டாங்க. சித்தமில்லைன்னு எழுதிட்டேன். நெஜத்துல அங்க குளிர் ஜாஸ்தி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பிள்ளை. அண்ணனிடம் பேசட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என் அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மதியம் அண்ணனுடைய டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். கற்றுக்கொள்ள வந்த பெண்ணை அனுப்பிவிட்டு அவன் மட்டும் காரில் இருந்தான், பக்கத்து இருக்கையில். அவன் இடம் அதுதான். பழகுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிற இவனுக்கு இன்னொரு பிரேக். இருபது வருடமாக அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தே உட்கார்ந்து பழகியவன். வீட்டில் சோபாவில் உட்கார்ந்தாலும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும்.

நான் ஸ்டியரிங் பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினேன். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் அவன் தப்பித்துப் போகாமல் இருக்க அதுவே நல்ல இடம் என்று பட்டது.

"அண்ணா, குடுக்க முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு. நான் சாகற வரைக்கும் உன் தங்கச்சிதான். ஆனா இதுல கர்த்தரை இழுக்காதே. நீ அவரை இழுத்தா நான் யார்கிட்ட போய் அழறது?"

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

கார் நின்றுகொண்டுதான் இருந்தது. அவன் கால் மட்டும் பிரேக்கை அழுத்தியபடி இருந்தது. எனக்குத் தெரிந்தது. பிறகு சொன்னான்.

"பயமா இருக்கு, பாப்பா. மயக்க மருந்து குடுத்தா எழுந்திரிக்க மாட்டேனோன்னு பயம். ஆஸ்பத்திரி வாசனையை நெனச்சாலே ஓடிடலாம்னு தோணுது. ஜெபம் பண்ணேன்னு சொன்னேனே, அது பொய். முழங்கால் போட்டா ஒரு வார்த்தை வரல. அவர் சரின்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு கேக்கவே இல்ல."

அறையலாம் போலவும் இருந்தது, தலையைத் தடவிக் கொடுக்கலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. "இதை மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்றேன். இரண்டு பேரும் அழுதோம். வெளியே அடுத்த மாணவர் கண்ணாடியைத் தட்டினார்.

கொடுக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் நெஞ்சு பாரம் பாதி இறங்கியிருக்கிறது.

பிப்ரவரி 28, வெள்ளி

அண்ணன் போன் செய்தான்.

"புதன்கிழமை பரிசோதனைக்குப் போறேன். எல்லாம் சரியா இருந்தா குடுக்கறேன்."

நான் காத்திருந்தேன். அந்த வார்த்தை வரவில்லை. போனை வைத்துவிட்டான்.

மார்ச் 5, புதன்

போனான். நிஜமாகவே போனான். ரத்தம் எடுக்கும்போது மயங்கி விழுந்தானாம், அண்ணி சொல்லிச் சிரித்தாள். நர்ஸ்கள் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்களாம். ஸ்கேனும் முடிந்துவிட்டது.

இன்றைக்கு மூன்று ஜோடி கண்ணாடி முடித்தேன். இயந்திரம் இல்லாத செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இப்போது போல அளந்து குடிக்காமல், ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கலாம்.

மார்ச் 8, சனி

டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது அண்ணன் வந்து படுக்கைக்குப் பக்கத்தில் நின்றான். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அவனுக்கு ஒரு சிறுநீரகம்தான் வேலை செய்கிறது. மற்றது பிறவியிலேயே சுருங்கி, கொட்டைப்பாக்கு மாதிரி இருக்கிறதாம். இத்தனை வருடம் அவனுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. டாக்டரம்மா முடியவே முடியாது என்று சொல்லிவிட்டார். உள்ள ஒன்றைக் கண்போல் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம்.

"நான் சாக்கு சொல்றேன்னு நெனச்சுக்காதே, பாப்பா. படம் கையிலயே இருக்கு, பாரு." ஸ்கேன் படத்தை நீட்டினான். எனக்கு அந்தப் படத்தில் ஒன்றும் புரியவில்லை. பார்க்கவும் தேவையில்லை. அவன் முகமே போதும்.

அண்ணி கூட வந்திருந்தாள். "பாத்தீங்களா, கர்த்தர்தான் இவருக்கு மனசு வராம இத்தனை நாளும் தடுத்து வெச்சிருந்தார்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் வாயைத் திறக்கும் முன் அண்ணன் திரும்பினான்.

"அப்படிச் சொல்லாதே. நான் மொத நாளே வந்திருந்தாலும் இதே ஸ்கேன் இதையேதான் சொல்லியிருக்கும். ஒரு கிட்னியோட என்னைப் படைச்சது அவர். இவளை இத்தனை நாள் தவிக்க விட்டது நான். என் பயத்தை அவர் தலையில கட்டாதே."

இயந்திரம் சத்தம் போட்டது. நர்ஸ் வந்து அவர்களை வெளியே அனுப்பினார். நான் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு அழுதேன்.

பிப்ரவரியில் எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். இடுப்பில் ரெண்டு என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. களைப்பு என்று சொன்னேன். பொய், கோபம்.

இதுவரைக்கும் வசதியாக இருந்தது, கோபத்தை வைக்க அண்ணன் இருந்தான். இப்போது அவன் நிரபராதி. வேறு யாரும் இல்லை. நேராக மேலிடம்தான். அவர் ஆள்கிறார் என்று நானேதானே சொன்னேன்? அப்படியானால் கருவிலேயே அவனுக்கு ஒன்றைச் சுருக்கிவைத்ததும் அவர் அறியாமல் நடந்ததில்லை. ஏன்? சொல்லும். நீர்தானே ராஜா. வேற யார்கிட்ட போய்க் கேக்கறது?

சமையலறையில் உட்கார்ந்து சத்தமாகவே கேட்டேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இவர் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று தோன்றியது. அவர் ஆளவில்லை என்றால் நான் இன்று குழாயிடம்தான் கத்திக்கொண்டிருந்தேன் என்று ஆகும். அப்படித் தோன்றவில்லை. ஆள் இருக்கிற அறையில் பேசியது போலத்தான் இருந்தது.

மார்ச் 15, சனி

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் வரிசையில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். எப்போது வரும் என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. குறைந்தபட்சம் நேர்மையான பதில்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று போனேன். மறுபடி அண்ணன் முறை. வழக்கமாகப் பதினைந்து நிமிடம் பேசுவான். இன்று புத்தகத்தைத் திறக்கவில்லை, பேசவும் இல்லை. ஜெபம் மட்டும்.

"ஆண்டவரே, எங்களுக்கு ஒண்ணும் புரியல. நீர்தான் ராஜா. என் தங்கச்சி களைச்சுப் போயிருக்கா. எனக்குக் குடுக்க வழியில்ல. ஆமென்."

அவ்வளவுதான். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் ஆமென் சொன்னேன், கொஞ்சம் தாமதமாக. பிறகு சிங்காசனப் பாட்டு. முழுப் பாட்டும் பாடவில்லை. ஒரு சரணம் பாடினேன். அது தானாக வந்தது.

மார்ச் 29, சனி

அண்ணன் வந்தான். கையில் புது வாஷர். குழாய் நின்றுவிட்டது. இந்த வீட்டில் இவ்வளவு அமைதி இருந்ததே மறந்துபோயிருந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

இரண்டு வாரமாக டயாலிசிஸுக்கு அண்ணன்தான் கூட்டிப் போகிறான். செவ்வாய், வியாழன், சனி காலை வகுப்புகளை மாலைக்கு மாற்றிவிட்டான். பழகுநர் பலகையோடு அந்தக் கார் மருத்துவமனை வாசலில் நிற்கும்போது காவலாளி ஒவ்வொரு தடவையும் கேட்கிறார், "அம்மா இன்னும் பழகலையா?"

அண்ணன் ஓட்டுகிறான். நான் அவன் இடத்தில் உட்காருகிறேன். காலடியில் அந்த இரண்டாவது பிரேக். இன்று குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. நான் பயந்து அதை மிதித்துவிட்டேன். கார் குலுங்கி நின்றது. பின்னால் ஒரே ஹாரன்.

"காலை எடு, பாப்பா. நான் ஓட்டறேன்ல."

"இவ்வளவு நாள் நீ எடுத்தியா?" என்றேன். அவன் சிரித்தான். நானும் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டுச் சொன்னான்: "வியாழக்கிழமை ஆறு மணிக்கு வர்றேன்."

"என்னண்ணா, சித்தமானாவைக் காணோம்?"

"அதை நீ சொல்லு. வர்றதை மட்டும் நான் சொல்றேன்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேலியாகச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தபோது கேலியாக இல்லை.

"கர்த்தருக்குச் சித்தமானால்."

"ஆமென்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

ஏப்ரல் 17, வியாழன்

வந்தான்.