தாய்மாமன் செய்த போணி

மச்சான்,

காலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்தேன். ஜன்னல் வெயில் விழுந்து சூடேறிக் கிடந்தது. சூடான ஃப்ளெக்ஸின் வாசனை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் பெயிண்ட், கொஞ்சம் புதுச் செருப்பு. நீ வீட்டுக்குச் சாப்பிட வரும்போதெல்லாம் உன் சட்டையிலிருந்து அடிக்கும் வாசனை. "மொதல்ல போய்க் குளிச்சிட்டு வாடா" என்று உன் அக்கா விரட்டுவாளே, அதே வாசனை. பையை மூக்குக்கிட்டே வைத்துக்கொண்டு நான் நின்றதைப் பார்த்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

இந்தப் பையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் முதுநகர் சனிக்கிழமைகளைப் பற்றிப் பேச வேண்டும் போலிருக்கிறது.

இரண்டாயிரத்து ஆறு என்று நினைக்கிறேன். நான் வேலை பார்த்த முதுநகர் பள்ளிக்கு ஏதோ ஒரு அறக்கட்டளை, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் தொழில்முனைவு கற்றுத்தர வேண்டும் என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. வணிகவியல் வாத்தியார் என்ற ஒரே காரணத்துக்காக தலைமையாசிரியர், எங்கள் எச்செம், அதை என் தலையில் கட்டினார். துறைமுகத்துப் பக்கத்துப் பிள்ளைகள். அப்பா மூட்டை தூக்குவார், அம்மா கூடையில் மீன் விற்பாள். அவர்களுக்கு நான் கரும்பலகையில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நம்பர் போட்டு, தொழில்முனைவோரின் இயல்புகள் என்று எழுதிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் ஒரு இளநீர்கூட விற்றவனில்லை நான். நாற்பது பேர் வந்த வகுப்பு மூன்றாவது வாரம் பதினொன்றாகிவிட்டது. அந்தப் பதினொரு பேரும் டீக்கும் பன்னுக்கும் வந்தவர்கள்.

சிதம்பரத்தில் உன் ஜெராக்ஸ் கடையில் கேள்வித்தாள் நகல் எடுத்துக்கொண்டே இதைச் சொல்லிப் புலம்பினேன். வழக்கம்போல ஓசியில்தான் எடுத்தேன். நீ சிரித்துவிட்டு, "நான் ஒரு நாள் வந்து பேசட்டுமா மாமா?" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீயோ பிளஸ் டூ ஃபெயில். வண்ணமீன் தொட்டி, எஸ்டிடி பூத், வாடகை சைக்கிள் என்று மூன்று தொழிலை வரிசையாக மூடியவன். இருந்தாலும் வேறு வழியில்லை. எச்செம்மிடம், சிதம்பரத்தில் பெரிய அச்சகம் நடத்துகிறவர் என்று சொல்லி வைத்தேன். ஒரு ஜெராக்ஸ் மெஷினும், ரப்பர் ஸ்டாம்பும், புதுச்சேரிக்கு அனுப்பி ஃப்ளெக்ஸ் அடித்து வாங்கித் தரும் ஆர்டரும்தான் அந்தப் பெரிய அச்சகம்.

நீ சாக்பீஸைத் தொடவேயில்லை. மேசைமேல் ஏறி உட்கார்ந்து, மூன்று தொழிலையும் எப்படிக் கவிழ்த்தாய் என்று ஒன்று விடாமல் சொன்னாய். பாசத்தில் தீனியை ஜாஸ்தியாகப் போட்டு மீன்களைக் கொன்ற கதைக்கு வகுப்பே உருண்டது. தோற்றுப்போன ஆளைக் கூட்டிவந்து பாடம் நடத்திய முதல் வாத்தியார் நானாகத்தான் இருப்பேன். அப்புறம், "உங்க தெருவுல ஜாஸ்தியா வீணாப் போறது எது?" என்று கேட்டாய். மீன் குடல் என்றான் ஒருவன். மாமியார் மருமகள் சண்டை என்றான் இன்னொருவன். கடைசி பெஞ்சிலிருந்து தமிழரசி என்ற பெண், "பேனரு சார்" என்றாள்.

உண்மைதான். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று எதற்கெடுத்தாலும் ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வைக்க ஆரம்பித்திருந்த காலம். நாலு நாள் கழித்து அதைச் சீந்த ஆளிருக்காது. சாக்கடையில் கிடக்கும். தமிழரசியின் அம்மா மிதி மெஷினில் ஜாக்கெட் தைக்கிறவள். ஜீன்ஸ் தைக்கிற தடித்த ஊசியைப் போட்டால் ஃப்ளெக்ஸிலும் பை தைக்கலாம் என்று அந்தப் பெண்ணே கண்டுபிடித்தாள். படம் உள்பக்கம், வெள்ளை வெளிப்பக்கம். பாவம், யார் அஞ்சலியையோ வெளியே காட்டிக்கொண்டு மீன் வாங்கப் போக முடியுமா?

அந்தப் பெண்ணுக்கு அது விளையாட்டில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவளுடைய தாய்மாமன் திருப்பூரில் ஒரு மில்லில் மேஸ்திரி. பொங்கலுக்கு வரும்போது அவளைப் படிப்பிலிருந்து நிறுத்தி, மில் வேலைக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு முடிந்திருந்தது. பொங்கலுக்குள் இந்தப் பையில் ஏதாவது வருமானம் கண்ணில் தெரிந்தால் பிளஸ் டூ படிக்கட்டும், இல்லாவிட்டால் அண்ணன் சொல்வதுதான் என்று அம்மா சொல்லிவிட்டாளாம். இதை அவள் உன்னிடம்தான் சொன்னாள். கிளாஸ் டீச்சரான என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அப்போது கோபம்கூட வந்தது.

முதல் விற்பனைக்கு நாற்பது பை தைத்தார்கள். எங்கே விற்பது என்று நீ கேட்டதற்கு, எங்கள் தெருவிலேயே என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். அடுத்த சனிக்கிழமை வந்து கேட்டால் பை ஒன்றுகூட மிச்சமில்லை. காசும் ஒன்றும் இல்லை. ஒரு முனையில் சித்தி, மறுமுனையில் அத்தை, நடுவில் பெரியப்பா, பங்காளி, சம்பந்தி. தெரு முழுக்க ஒரே சொந்தம். "அத்தகிட்ட எப்பிடி சார் காசு கேக்குறது?" என்றாள் தமிழரசி. அவள் கண் கலங்கியிருந்தது. வகுப்பே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நீ அவர்களைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பினாய். "சார், என் கடையில எத்தினி வருசமா ஜெராக்ஸ் எடுக்குறீங்க? ஒரு வாட்டியாச்சும் காசு குடுத்திருக்கீங்களா?"

அத்தனை பிள்ளைகள் முன்னால். அந்த நிமிஷம் உன்னை அறைந்திருப்பேன் மச்சான், சத்தியமாக. மாப்பிள்ளை என்ற மரியாதைகூட இல்லையே என்று உள்ளுக்குள் கொதித்தது. பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாய். நீ என் மச்சான்தானே என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்து மேசையில் வைத்தேன். நீ அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்து, "பாத்தீங்களா? இப்பவும் அவரு எனக்கு மாமாதான்" என்றாய். நான் பன்னிரண்டு நம்பர் போட்டு எழுதிக் கொடுத்ததில் இது இல்லை.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை. மறுபடி நாற்பது பை. அதே தெருவிலேயே விற்பேன் என்று தமிழரசி பிடிவாதமாக நின்றாள். வெளியூருக்குப் போய் விற்கலாமே என்று நான் சொன்னதை நீயும் ஏற்கவில்லை, அவளும் ஏற்கவில்லை. மாரியம்மன் கோயில் முனையில் பெஞ்சு போட்டார்கள். நாம் இருவரும் டீக்கடை ஓரமாக நின்றோம். வந்தவர்கள் பையை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். காசு எடுக்க ஒரு கையும் இடுப்புக்குப் போகவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தாய்மாமன் வந்து சேர்ந்தார். கையில் திருப்பூர் பெட்டி, வெள்ளைச் சட்டை. தெருவே வழிவிட்டது. மூன்று பையை எடுத்து உதறிப் பார்த்து, ஊருக்குத் துணி கொண்டுபோக ஆகும் என்று சொல்லிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவர் அப்படியே நடந்துவிட்டால் மீதி முப்பத்தேழும் பின்னாலேயே போய்விடும். பொங்கல் முடிந்து அந்தப் பெண்ணும் போய்விடுவாள். நான் வாயைத் திறக்கப் போனேன். நீ என் கையை அழுத்திப் பிடித்தாய்.

தமிழரசி எழுந்து நின்றாள்.

"மாமா, என் சடங்குக்கு நீங்கதான் மொதல்ல வரிச வச்சீங்க. நீங்க வச்சதுக்கப்பறம்தான் மத்தவங்க வச்சாங்க. இன்னிக்கும் நீங்களே போணி பண்ணுங்க. மூணு பை, அறுவது ரூபா."

அவர் முகம் சிவந்து, சுற்றும் முற்றும் பார்த்தார். தாய்மாமன் முதலில் செய்யாமல் எந்தக் காரியம் அந்தத் தெருவில் நடந்திருக்கிறது? மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நூறு ரூபாயை எடுத்து, சபையில் தட்டில் வைக்கிற மாதிரி பெஞ்சில் வைத்தார். மீதி வேண்டாம், வைத்துக்கொள் என்றார். அவள் நாற்பது ரூபாயை எண்ணி அவர் கையில் கொடுத்தாள்.

"சீருன்னா வாங்கிப்பேன் மாமா. இது யாவாரம்."

முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், பெரியப்பா டவுசர் பையைத் துழாவினார். மதியத்துக்குள் பெஞ்சு காலி. இவளைத் திருப்பூர் கூட்டிப்போனால் மில் முதலாளியிடமே காசு கறந்துவிடுவாள், இங்கேயே படிக்கட்டும் என்று அவரே தங்கச்சியிடம் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்வரை நீ பேசவில்லை. உலகத்திலேயே அதிகம் பேசுகிறவன் நீ. என்னடா என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாம சொல்லிக் குடுக்கல மாமா. அதுவே கத்துக்கிச்சி" என்றாய். அதற்குப் பிறகு ஐந்து வருஷம், ஒரு சனிக்கிழமையும் தவறாமல் நீ வந்தாய். பிள்ளைகள் உனக்கு ஜெராக்ஸ் சார் என்று பேர் வைத்தார்கள். நானும் கடையில் காசு கொடுத்தே நகல் எடுத்தேன், அதில் உனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

போன ஆடியில் நெஞ்சு வலி என்றாய். ஆஸ்பத்திரி வாசலுக்குள் போவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயது ஒரு வயதா மச்சான்? உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

நீ புதிதாக வாங்கிப்போட்ட உன் சொந்த ஃப்ளெக்ஸ் மெஷினிலேயே உனக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்தார்கள். நல்ல படம் கிடைக்கவில்லை. என் மகள் காதுகுத்தில், அவளை மடியில் வைத்துக்கொண்டு நீ சிரிக்கிற படம்தான் இருந்தது. அழுகிற குழந்தையை வெட்டிவிட்டார்கள். ஆனாலும் உன் தோளில் அவளுடைய குட்டிக் கை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. தெருமுனையில் பதினாறு நாள், அஞ்சலி பேனரில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்ற ஆள் நீ ஒருத்தன்தான்.

காரியத்தன்று தமிழரசி வந்தாள். பி.காம் முடித்து, முதுநகரில் நாலு மெஷின் போட்டு, காலேஜ்களுக்கு ஃபைல் பை தைத்துக் கொடுக்கிறாள். உனக்குத்தான் தெரியுமே. உன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மழையில சார் அங்க நிக்க வேணாம்மா. நான் எடுத்துட்டுப் போவட்டுமா?" என்று கேட்டாள். உன் அக்கா அழுதுகொண்டே தலையசைத்தாள்.

ஒரு வாரம் கழித்துப் பையோடு வந்தாள். வெளியே வெள்ளை, உள்ளே நீ. நான் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், அம்பது ரூபா."

அந்தத் திருப்பூர்க்காரர் மாதிரியே திகைத்து நின்றேன். நூறு ரூபாயை நீட்டினேன். மீதியை எண்ணிக் கையில் கொடுத்தாள். உன் அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நீ போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

இன்று ஒரு கிலோ தக்காளி, அரைக் கிலோ கத்தரிக்காய், ஒரு பூசணித் துண்டு. காயைப் போடும்போது கடைக்காரம்மா உள்ளே எட்டிப் பார்த்து, யார் சார் இது, இப்படிச் சிரிக்கிறார் என்றாள். என் மச்சான் என்றேன். தெரிந்த ஆள் என்று அவள் கொசுறாகக் கொத்தமல்லியை வைத்தாள். அதற்கும் காசு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சண்டை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். வீடு வருவதற்குள் பை கனத்துவிட்டது. வழியில் ஸ்கூட்டரில் வந்த பழைய மாணவன் ஒருவன் வாங்கிக்கொள்கிறேன் என்று கையை நீட்டினான். வேண்டாம்பா, நானே தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன்.